எந்த மலைப் பக்கம் போச்சு பந்து?

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக ஒரு பெண். டிவி பார்ப்பவர்களைக் கணக்கெடுக்கிற கம்பெனியாம்.

"நேத்து ஃபைனல் மேட்ச்சை உங்க வீட்டுல எத்தனை பேர் சார் பார்த்தீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "நாலு பேரும்தாம்மா பார்த்தோம்."

நாலு பேரா? முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை எங்கள் வீட்டு டிவி ஓடியது என்னவோ உண்மை. ஆனால் மகன் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்து ஆபீஸ் மெயிலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தான். பேரன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு செல்போனில் வேறு ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். மனைவி ஆரணியில் இருக்கும் தங்கையோடு போனில் பேசிக்கொண்டே பட்டாணி உரித்தாள். நான்...? டாஸ் போட்டது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் கோப்பை கொடுக்கும்போதுதான் விழித்தேன்.

"டிவி ஓடினாலே பார்த்ததாகக் கணக்காம்மா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"ரூம்ல இருந்தீங்கன்னா பார்த்த மாதிரிதான் சார்."

"அப்போ எங்க வீட்டுப் பல்லியையும் சேர்த்துக்கோ."

சிரித்தது அந்தப் பெண். சிரித்துக்கொண்டே 'நாலு' என்று தட்டிக்கொண்டு போய்விட்டது. அன்று ராத்திரிச் செய்தியில் ஒருவர் கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னார் — உலகம் முழுக்க அத்தனை கோடிப் பேர் அந்த மேட்ச்சைப் பார்த்தார்களாம். அந்தக் கோடிகளில் குறட்டை விட்ட ஒருவன் நான்.

கிண்டல் செய்வதற்காக இதை எழுதவில்லை. உலகக் கோப்பை, ஒலிம்பிக்ஸ் என்றால் எனக்கு இன்றைக்கும் ஒரு பிரமிப்பு உண்டு. கண்டத்துக்குக் கண்டம் முகம் தெரியாத ஜனங்கள் ஒரே பந்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள் என்பது சாதாரண விஷயமா? கணக்கில் கொஞ்சம் காற்றடித்திருப்பார்கள், அடிக்கட்டும். நிஜமான ஆடியன்ஸ் என்றால் எப்படி இருக்கும் என்பதை நான் ஒரு தடவை கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் செஞ்சியில், அறுபதுகளில்.

அதே வருஷங்களில்தான் விளையாட்டுப் போட்டிகளைச் செயற்கைக்கோள் வழியாகக் கடல் தாண்டி டிவியில் காட்ட ஆரம்பித்தார்கள் என்று பிற்பாடு படித்தேன். எங்களுக்கு அது தெரியாது. டிவி என்று ஒன்று இருப்பதே தெரியாது. எங்களிடம் இருந்தது ஒரு ரேடியோ.

கடைவீதியில் என் நைனாவுக்குக் கயிறும் சாக்கும் விற்கிற கடை. கல்லாவுக்குப் பின்னால் ஒரு மரப் பலகை, அதன் மேல் அந்த ரேடியோ. மேட்ச் நடக்கிற நாட்களில் கடை வாசலில் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும். பாத்திரக்கடைக்காரர், ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை, மணிலாக்கொட்டை மூட்டையோடு வந்த தளவானூர் விவசாயி, கறிகாய் விற்க வந்த பெண்கள் எல்லோரும் இருப்பார்கள். ஆனால் வர்ணனை இங்கிலீஷில்.

புரிந்தவர்கள் எத்தனை பேர்? ஒரே ஒருவர். நான் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். ஆகவே அந்த ஒருவர் நான்தான் என்று நீங்கள் நினைத்தால் உங்கள் நல்ல மனசுக்கு நன்றி. ஒரு நாள் நைனா என்னைச் சொல்லச் சொன்னார். "யாரோ அடிச்சாங்க... யாரோ புடிக்கப் போனாங்க" என்று ஆரம்பித்தேன். "போதும், நீ போய் சாக்கை மடி" என்றார்.

அந்த ஒருவர் சாரங்கன் அண்ணன். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த பஸ் எப்போது வந்தது, எப்போது கிளம்ப வேண்டும் என்று நோட்டில் எழுதி விசில் ஊதுகிற வேலை. சின்ன வயசில் மதராஸில் ஒரு கிளப் மைதானத்தில் ஸ்கோர் போர்டில் நம்பர் மாட்டுகிறவராக ஏழெட்டு வருஷம் இருந்தவர். கிரிக்கெட்டும் கிரிக்கெட் இங்கிலீஷும் அங்கே காதில் விழுந்து சேர்ந்தது.

ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் ஏறி நிற்பார். ஒரு காது ரேடியோவுக்கு, வாய் எங்களுக்கு. சும்மா மொழிபெயர்க்கிற ஆள் இல்லை. 'கவர்', 'மிட் விக்கெட்' என்றெல்லாம் சொன்னால் தளவானூர் விவசாயிக்கு என்ன தெரியும்? அண்ணன் மைதானத்தையே செஞ்சியில் கொண்டுவந்து போட்டுவிட்டார். எங்கள் கோட்டையின் மூன்று மலைகளில், பேட்ஸ்மேனுக்கு வலது பக்கம் ராஜகிரி, இடது பக்கம் கிருஷ்ணகிரி. நேரே அடித்தால் திண்டிவனம் ரோடு. விக்கெட் கீப்பரைத் தாண்டிப் போனால் திருவண்ணாமலை ரோடு. சந்திரகிரி சும்மாதான் இருக்கும். யாராவது சிக்ஸர் அடித்தால் மட்டும் அதற்கு வேலை.

"இன்னா அடி! ராஜகிரிப் பக்கம் தரையோட போவுது... ஒருத்தன் தொரத்தறான்... போச்சு, அகழியில வுயுந்துடுச்சு, நாலு!"

நாற்பது ஐம்பது தலைகள் ஒரே சமயத்தில் ராஜகிரி பக்கம் திரும்பும். பந்து நிஜமாகவே அங்கே போவது போல. இடதுகைக்காரர் ஆட வந்தால் அண்ணன் கையைத் தூக்கிச் சொல்வார்: "இடதுகைக்காரன் வந்துட்டான். எல்லாரும் மலையை மாத்திக்கோங்க." மாற்றிக்கொள்வார்கள். மன்னர்கள் எத்தனையோ பேர் படையோடு வந்தும் அசைக்க முடியாத மலைகள்... டைம் கீப்பர் ஒருவர் சொன்னதும் இடம் மாறின.

இப்போது நான் சொல்ல வந்த அந்தப் பொங்கலுக்கு வருகிறேன்.

மதராஸில் வெஸ்ட் இண்டீஸோடு டெஸ்ட். கடைசி நாள். நாம் ஜெயித்துவிடுவோம் போலிருந்தது. ஊரே தூக்கம் கெட்டுக் கிடந்தது. காலை பத்து மணி பஸ்ஸில் ஒரு ஆபீசர் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், கையில் குடை, கக்கத்தில் தோல் பை. கடைவீதிக்குள் நுழைந்ததும் முதலில் பாத்திரக்கடையில் நின்று கேட்டார்.

"இந்த ஊர்ல ரேடியோ யார் யார்கிட்ட இருக்குங்க? கிரிக்கெட் கேக்கறவங்க எத்தனை பேர்?"

அவ்வளவுதான். அவர் அடுத்த கடைக்குப் போவதற்குள் சேதி எங்கள் கடைக்கு வந்துவிட்டது.

இளைய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். போஸ்ட் ஆபீஸில் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். வீட்டில் கேட்க ஒரு லைசென்ஸ், கடையில் நாலு பேர் கேட்க வேறு லைசென்ஸ். நைனாவிடம் இருந்தது வீட்டு லைசென்ஸ். மாட்டினால் அபராதம், ரேடியோவையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பேச்சு. அந்த ரேடியோவுக்காக நைனா மூன்று வருஷம் வெற்றிலை பாக்கை விட்டவர். தன் ஆசைக்கென்று அவர் வாங்கிய ஒரே பொருள் அது.

பட்டென்று ரேடியோவை அணைத்தார். பலகையிலிருந்து இறக்கி, மூலையில் வைத்து, மேலே பத்து இருபது சாக்கைப் போட்டு மூடினார்.

ஆபீசர் கடை கடையாக ஏறி இறங்கினார். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, அதுதான் ஆச்சரியம்.

"கிரிக்கெட்டா? இன்னாது அது?" — பாத்திரக்கடைக்காரர். முந்தின நாள் ஒரு கேட்ச் நழுவியதற்காகக் குடத்தைத் தரையில் போட்டு நசுக்கியவர்.

"எங்க ஊர்ல யாரும் ரேடியோ கேக்கறதில்ல சார்" — ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை.

கடைசியில் எங்கள் கடைக்கு வந்தார். வாசலில் நாற்பது பேருக்குக் குறையாமல் நிற்கிறார்கள். மேட்ச் ஆரம்பித்துவிட்டது, ரேடியோ சாக்குக்கு அடியில். ஒருவரும் கலைந்து போகவில்லை. ஆபீசர் போனதும் நைனா மறுபடி வைப்பார் என்று காத்திருக்கிறார்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் பார்க்கிறார்கள்.

"எதுக்குங்க இத்தனை பேர் நிக்கறீங்க?"

தளவானூர் விவசாயிதான் முதலில் சமாளித்தார். "கயிறு வாங்க வந்தோம்."

"எல்லாருமா?"

"எல்லாருந்தான்."

ஆபீசர் தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பமாம், பிற்பாடு தெரிந்தது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "மாட்டுப் பொங்கல் முடிஞ்சு ரெண்டு நாளாச்சே. மாட்டுக்குப் புதுக் கயிறு அதுக்கு முன்னாடியே மாத்திடுவாங்களே. இப்ப எதுக்குக் கயிறு?"

பொய் சொல்வதில்கூட ஒரு விவசாய அறிவு வேண்டியிருக்கிறது, பாருங்கள். சொன்ன வாய்க்குக் கட்டுப்பட்டு ஏழெட்டுப் பேர் நிஜமாகவே கயிறு வாங்கினார்கள். அதில் ஒருவருக்கு மாடே கிடையாது.

ஆபீசர் பேப்பரில் ஏதோ எழுதிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பினார். 'போய்விட்டார்' என்று நைனா மூச்சு விட்டார். ஆனாலும் சாக்கை எடுக்கவில்லை. "பஸ் ஏறட்டும்" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் என்ன நடந்தது என்பது சாரங்கன் அண்ணன் சொல்லித் தெரிந்தது. பொங்கலுக்கு வந்தவர்கள் திரும்புகிற நாள், ஸ்பெஷல் பஸ்கள் வேறு. அண்ணனுக்கு மதியம்வரை டியூட்டி. பெஞ்சில் சோர்ந்து உட்கார்ந்திருந்த ஆபீசரிடம், "எந்த ஊர் பஸ் சார்?" என்று கேட்டிருக்கிறார். அவர் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டியிருக்கிறார்.

"நான் ரேடியோ ஸ்டேஷன்லேருந்து வர்றேன். செஞ்சி ரசிகர்கள்னு போட்டு யாரோ எழுதியிருக்காங்க. ஊரே கிரிக்கெட் கேக்குது, தமிழ்ல வர்ணனை வேணும்னு. எத்தனை பேர் கேக்கறாங்கன்னு பார்த்து வரச் சொன்னாங்க. காலையிலேருந்து சுத்தறேன். ஒருத்தர்கூட கேக்கறதில்லையாம்."

கடிதம் அண்ணன் எழுதியது. பெயர் போட்டால் ஒருவனுடைய ஆசை என்று நினைத்துவிடுவார்கள் என்று ஊர்ப் பெயரைப் போட்டிருக்கிறார். மூன்று மாசமாக அதற்குப் பதில் வருமா என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தவர். பதில் ஆளாகவே வந்து, கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

"வாங்க சார், நான் காட்டறேன்" என்று ஆபீசரின் குடையைத் தானே பிடுங்கிக்கொண்டு நடந்திருக்கிறார்.

அவர்கள் இரண்டு பேரும் கடை வாசலுக்கு வந்தது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "பாருங்க சார், இதான் எங்க..." என்று கையை நீட்டினார். கை பாதியில் நின்றுவிட்டது. பலகை காலியாக இருந்தது. மூலையில் சாக்குக் குவியல். பக்கத்தில் நைனா, வியர்த்துப்போன முகத்தோடு.

அண்ணனுக்கு ஒரு நிமிஷத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. லைசென்ஸ் விஷயம் அவருக்குத் தெரியும். சிரிப்பு மெல்ல மறைந்தது. ஆபீசர் பக்கம் திரும்பினார்.

"மன்னிச்சிருங்க சார். அந்த லெட்டர் நான்தான் எழுதுனேன். பொய்யி. இந்த ஊர்ல ஒருத்தரும் கேக்கறதில்ல. நான் ஒருத்தன்தான் பைத்தியக்காரன். பொய்யின்னே எழுதிக்கோங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே ஆசை அது என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். என் நைனாவின் ரேடியோவுக்காக அதைத் தன் கையாலேயே கிழித்துப் போட்டுவிட்டார். எனக்கு அழுகை வந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு அடக்கினேன்.

நைனா எழுந்தார். சாக்கு ஒவ்வொன்றாகப் பறந்தது. ரேடியோவைத் தூக்கிப் பலகையில் வைத்து, வேட்டி நுனியால் தூசி தட்டினார்.

"அவன் பொய் சொல்ற ஆளு இல்ல சார். ரேடியோ என்னுது. வூட்டு லைசென்ஸை வச்சிக்கினு கடையில வச்சிருக்கேன். தப்புதான். நீங்க எடுத்துக்கினு போறதா இருந்தா போங்க. ஆனா மேட்ச் முடிஞ்சப்புறம் எடுத்துக்கோங்க. இவங்க காலையிலேருந்து நின்னுக்கினு இருக்காங்க."

ஆபீசர் நைனாவைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். கையில் கயிற்றோடு நின்ற ஏழெட்டுப் பேரையும் பார்த்தார்.

"லைசென்ஸ் பார்க்கறது போஸ்ட் ஆபீஸ்காரங்க வேலைங்க. எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. ஸ்கோர் என்னன்னு பார்க்கலாமா?"

சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. ரேடியோ சூடாகிக் கரகரக்கத் தொடங்கியது. அண்ணன் ஸ்டூலில் ஏறினார். வெஸ்ட் இண்டீஸுக்கு ஏழு விக்கெட் விழுந்திருந்தது. இன்னும் மூன்று எடுத்தால் போதும்.

மூன்று விக்கெட்டும் கடைசிவரை விழவில்லை. ஆடிக்கொண்டிருந்த இரண்டு வெஸ்ட் இண்டீஸ்காரர்களும் அசையாமல் நின்றுவிட்டார்கள். ஆனாலும் அன்றைக்கு அண்ணன் சொன்ன மாதிரி அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை. பந்து ராஜகிரிக்குப் போனது, கிருஷ்ணகிரிக்குப் போனது, ஒருமுறை திருவண்ணாமலை ரோட்டில் போய் ஒரு ஃபீல்டரின் கைக்கு அரை அடி முன்னால் விழுந்தது. பாத்திரக்கடைக்காரர் அடுத்த குடத்தைத் தேடினார். நாலு மணி திண்டிவனம் பஸ் கிளம்பவில்லை. டிரைவரும் கண்டக்டரும் எங்கள் வாசலில் நின்றார்கள். பஸ்ஸில் இருந்தவர்களும் கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்துவிட்டார்கள்.

ஆபீசர் ஒரு சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று... முப்பதைத் தாண்டும்போது யாரோ ஒரு கட் அடித்தார், எல்லாத் தலையும் ராஜகிரிக்குத் திரும்பியது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி ஒரு அடி, இந்தத் தடவை கிருஷ்ணகிரி. ஆபீசரின் தலையும் திரும்பியதை நான் பார்த்தேன். தலை நேராக இருந்தால்தானே எண்ண முடியும்?

ஆட்டம் டிரா என்று ஆனதும் பேனாவைத் திறந்தார். ரேடியோ எண்ணிக்கை என்ற கட்டத்தில் '1' என்று எழுதினார். கேட்பவர்கள் எண்ணிக்கை என்ற கட்டத்தில் பேனா நின்றது. அப்புறம் இங்கிலீஷ் ஃபாரத்தில் தமிழில் ஒரே ஒரு வார்த்தை எழுதினார் — 'ஊர்'.

அதனால்தான் தமிழ் வர்ணனை வந்தது என்று சொல்ல மாட்டேன். எத்தனையோ ஊர்கள் எத்தனையோ கடிதம் எழுதியிருக்கும். ஆனால் சில வருஷம் கழித்து வந்தது. நைனா அதற்குள் கடை லைசென்ஸே வாங்கியிருந்தார்.

முதல் நாள் கூட்டம் தெருமுனைவரை நின்றது. ரேடியோ நல்ல தமிழில் கணீரென்று பேசியது. ஸ்டூல் காலியாகக் கிடந்தது. சாரங்கன் அண்ணன் கடைசி வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு மனசு கனத்தது. தான் கேட்டு வாங்கிய ஒன்று தன்னையே வேண்டாம் என்று சொல்லிவிட்டதே... வருத்தம் இருக்காதா? பக்கத்தில் போய் நின்றேன்.

"இன்னா மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருக்கற?" என்றார் என்னிடம். "இத்தினி வருசம் நான் சொல்லிக்கினேதான் இருந்தேன். இன்னிக்குத்தான்டா சும்மா நின்னு கேக்கப்போறேன்."

அப்போது ரேடியோ சொன்னது: "ஆஃப் திசையில் அடிக்கப்பட்ட பந்து எல்லைக் கோட்டை நோக்கிச் செல்கிறது..."

கூட்டத்தில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. எந்தப் பக்கம் திரும்புவது என்று யாருக்கும் தெரியவில்லை. தளவானூர் விவசாயி பின்னால் பார்த்தார். பாத்திரக்கடைக்காரர் பார்த்தார். ஒவ்வொருவராக, தெருவே கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தது.

"சாரங்கா... எந்த மலை?"

அண்ணன் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். "ராஜகிரி" என்றார். அத்தனை தலையும் திரும்பியது.

அந்த டேப்லெட் பெண் மறுபடி வந்தால் எங்கள் பதிலைத் திருத்தச் சொல்லப் போகிறேன். எங்கள் வீட்டில் மேட்ச் பார்த்தவர்கள் யாரும் இல்லை. 'எந்த மலை?' என்று கேட்க ஆள் இருந்தால்தான் அது ஆடியன்ஸ், மற்றதெல்லாம் வெறும் கரண்ட் பில்.